ஐஸ் தட்டுக்கு உரியவர்கள்

கீழே கையொப்பமிடும் நான், 1984இல் பதுளை நகரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இயங்கிய அரச மருத்துவ ஆராய்ச்சிக் கிளையில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். கிளைக்கு ஒரு நுணுக்குக்காட்டியும், ஒரு பிரிஜ்ஜும், அந்தப் பிரிஜ்ஜின் தட்டுகள் யார் யாருக்கு என்று விளக்கும் சுற்றறிக்கையும் சொந்தமாக இருந்தன. உச்சியிலுள்ள ஐஸ் தட்டு பணிப்பாளருக்கும் அவருடைய விருந்தினருக்கும். இரண்டாம் தட்டு நிரந்தர உத்தியோகத்தருக்கு. கதவிலுள்ள முட்டைக் குழிகள் என்னைப் போன்றோருக்கு.

அந்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னக் குப்பி வந்தது. உள்ளே மொனோகுளோனல் பிறபொருளெதிரி. நோயை எதிர்க்கும் இரத்த அணுக்களான டி கலங்களின் மேலே ஓர் அடையாளப் புரதம் உண்டு. இது அதை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கலம் நுணுக்குக்காட்டியில் பச்சையாக ஒளிரும். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் நாற்பது பேரின் இரத்தத்தை அப்படிப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அங்கே டிஸ்பென்சரி திறப்பதா இல்லையா என்பது அந்த அறிக்கையைப் பொறுத்தே இருந்தது. நாற்பதில் ஒருவர் என் அம்மா மாரியாயி. காய்ச்சல் வந்தால் அவர் மருந்துக்கு ஏழு கட்டை தூரம் நடக்கிறார்.

குப்பியோடு வந்த தாளில் ‘குளிரில் வைக்கவும், உறைய விடக் கூடாது’ என்றிருந்தது. சுற்றறிக்கைகளுக்குப் பொறுப்பான பிரதம லிகிதர் இத்ரூஸிடம் போனேன்.

“நானா, இதை ரெண்டாம் தட்டுல வைக்கணும்.”

“இது நிரந்தர உத்தியோகத்தரா தம்பி?”

“இல்ல நானா, குப்பி.”

“அப்ப எப்பிடி வெக்கிற? வெளிநாட்டு விருந்தாளி. ஐஸ் தட்டுதான்.”

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த, மேல் டிவிஷனிலிருந்து வேலைக்கு வரும் கருப்பம்மா அக்கா நிமிர்ந்தார். “அங்க வச்சா முட்டையே வெடிச்சிருதுங்க. இது என்னா ஆகுமோ?”

பணிப்பாளரிடம் தாளைக் காட்டினேன்.

“தாள் சொல்வது ஆலோசனை. சுற்றறிக்கை சொல்வது சட்டம்” என்றார். பிறகு, என்னை நிரந்தரமாக்கும் காகிதக் கோவை தமது மேசையில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பது எனக்குப் புரிந்தது. குப்பியை ஐஸ் தட்டிலேயே வைத்தேன்.

பிரமுகர் வரும்போதெல்லாம் குப்பியை எடுத்து, உருக வைத்து, தாம்பாளத்தில் காட்டி, மறுபடி உறைய வைத்தார்கள். பதினொரு தடவை. அதன்பின் சோதித்தேன். நாற்பது பேரின் இரத்தத்திலும் ஒரு பச்சைப் புள்ளி இல்லை.

‘குப்பி கெட்டிருக்கலாம்’ என்று எழுதினேன். பணிப்பாளர் அதை வெட்டினார். “அரச உடைமை கெடுவதில்லை. மேல் டிவிஷனில் டி கலங்கள் இல்லை என்று எழுதும்.”

“அப்படியானால் அவர்கள் எப்படி சேர் உயிரோடு இருக்கிறார்கள்?”

“அது பிறப்பு இறப்புப் பதிவாளர் திணைக்களத்து விடயம்.”

முடிவுரையை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘காவலரே இல்லாத இடத்துக்கு ஆயுதம் அனுப்புவது வீண். டிஸ்பென்சரி அவசியமில்லை.’

அதற்குப் பிறகாவது ஒரு நேர்மையான காரியம் செய்ய நினைத்தேன். பணிப்பாளர், இத்ரூஸ் நானா, நான், மூவரின் இரத்தத்தையும் அதே குப்பியால் சோதித்தேன். ஒரு புள்ளிகூட ஒளிரவில்லை. குப்பிதான் குற்றவாளி என்று இனிப் புரிந்துவிடும் என நம்பினேன்.

பணிப்பாளர் வியர்த்துப் போனார். “எனக்குமா?”

ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. டி கலங்கள் அறவே அற்ற உத்தியோகத்தர்களின் விலைமதிப்பற்ற உயிர்களைக் காக்கும்பொருட்டு, கிளைக்கு உள்ளேயே ஒரு டிஸ்பென்சரி. ஆபத்தை உரிய வேளையில் கண்டுபிடித்த எனக்கு நிரந்தர நியமனம்.

“எங்களுக்கு இல்லேன்னா மருந்து வீணு. உங்களுக்கு இல்லேன்னா மருந்து அவசரம். அப்படித்தானே தம்பி?” என்று கேட்டார் கருப்பம்மா அக்கா. நான் புது டிஸ்பென்சரியில் தந்த விட்டமின் வில்லையை விழுங்கினேன்.

போன வாரம் இன்னொரு குப்பி வந்தது. இதை உறையாமல் வைத்துச் சோதித்தால் அம்மாவின் இரத்தம் ஒளிரும்; அறிக்கையை மாற்றி எழுதலாம். ஓடிப்போய் பிரிஜ்ஜைத் திறந்தேன். இரண்டாம் தட்டில் எனக்கு ஒதுக்கிய இடம் முழுவதும் என் மண் தயிர் முட்டி உட்கார்ந்திருந்தது.

“முட்டிய நான் எடுத்துக்கிறேன். குப்பிய இங்க வைங்க தம்பி” என்றார் கருப்பம்மா அக்கா.

“இது நிரந்தர உத்தியோகத்தரா அக்கா?” என்று கேட்டுவிட்டு, குப்பியை ஐஸ் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.