திருக்கைக்கு வயது பார்த்தவர்

கடலுக்குப் போக வேண்டுமென்றால் எந்தப் பக்கமானாலும் மணிக்கணக்கில் பஸ்ஸில் குலுங்க வேண்டிய ஊரில் குடியிருந்துகொண்டு, மீனுக்கு வயது பார்ப்பதையே முழுநேர வேலையாக வைத்திருந்த மனிதர் இந்த உலகத்தில் திருக்கை சேர் ஒருவர்தான். கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் என் அழகு நிலையத்துக்கு மேல்மாடியில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. எல்லோரும் திருக்கை சேர் என்றே கூப்பிட்டதில் அவருடைய சொந்தப் பெயர் வீட்டுக்காரருக்கே மறந்துபோயிருந்தது. கீழே நான் பெண்களின் வயதை மறைத்துப் பிழைத்தேன். மேலே அவர் திருக்கைகளின் வயதைக் கண்டுபிடித்துக்கொண்டு பென்ஷனில் காலம் தள்ளினார்.

திருகோணமலைப் பக்கம் ஆழத்தில் பிடிபடுகிற, முட்டையிடுகிற ஒரு வகைத் திருக்கை மீதுதான் அவருக்கு உயிர். அதன் முதுகெலும்பை ஐஸ் பெட்டியில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவார். எவ்வளவு நெரிசலிலும் அவருக்கு மட்டும் இரண்டு சீட் கிடைக்கும். கொண்டுவந்ததை, சதை கழல வேண்டும் என்று அடுப்பில் போட்டு அவிப்பார். ஒருநாள் நான் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தபோது அந்த வாடை கீழே இறங்கியது.

"என்னம்மா இது, எங்கயாச்சும் எலி செத்துக் கெடக்கா?" என்றார் பெண்ணின் தாய்.

"இல்லைங்க, முகத்துக்குப் புடிக்கிற மூலிகை ஆவி" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த அம்மா மகளை ஒதுக்கிவிட்டுத் தன் முகத்தை நீட்டினார்.

அன்று மாலை சண்டை பிடிக்கத்தான் மாடியேறினேன்.

"பிள்ளை, உமக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?" என்று முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் தெரியாது சேர். நாங்க மரக்கறி மட்டுந்தான்."

"அருமை! இரும் அந்தக் கதிரையில."

வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகச் சீவிய எலும்புத் துண்டொன்றை நுண்ணோக்கியில் காட்டினார். அதில் வெளிறிய பட்டையும் கறுத்த கோடும் மாறி மாறி இருந்தன. கறுத்த கோடு ஒன்றுக்கு வயது ஒன்று என்பது அவர் கணக்கு. ஆனால் ஒருவர் எண்ணினால் போதாதாம். இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், மீன் சிறிதா பெரிதா என்று இருவருக்கும் தெரியக் கூடாது. "பெரிய மீன் எண்டு தெரிஞ்சால் கண் கூட்டி எண்ணும். கண்ணைப் போலப் பொய்யன் இல்லை" என்றார். இருவர் எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் மறுபடி எண்ண வேண்டும், அதற்குப் பிறகும் ஒத்துவராவிட்டால் அந்த எலும்பு குப்பைக்கு. ஒன்றும் தெரியாதவள் என்ற ஒரே தகுதியில் நான் அவருடைய இரண்டாவது ஆளானேன். எங்கள் எண்ணிக்கை ஒத்துவராத நாட்களில் என்னோடு பேசவே மாட்டார், தேநீரை மட்டும் கோபமாக நீட்டுவார்.

போகப் போகத்தான் அவர் மனசில் கிடந்த பயம் புரிந்தது. கோடு ஒன்றுக்கு வருஷம் ஒன்று என்பதை அவர் நிரூபித்திருக்கவில்லை. இந்தத் திருக்கை கெதியாக, சில வருஷத்திலேயே வளர்ந்து முட்டையிட்டுவிடும், குஞ்சுகளை விட்டுவிட்டு மற்றதைப் பிடிக்கலாம் என்று அந்தக் கணக்கை நம்பித்தான் திருகோணமலைப் படகுக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார். கணக்கு பிழைத்தால் அந்தச் சாதியே அழிந்துபோகலாம். அதனால், நான் அங்கே கடை திறப்பதற்கு முன்பே, சில திருக்கைகளுக்கு ஒரு மருந்து ஏற்றி, மஞ்சள் தகடு குத்திக் கடலில் விட்டிருந்தார். மருந்து அன்றைய எலும்பில் படிந்து, ஊதா விளக்கில் பளிச்சென்று தெரியும். அதில் ஒன்று திரும்பப் பிடிபட்டால், அந்த வெளிச்சத்துக்கு வெளியே எத்தனை கோடு என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த ஒரு மீனுக்காகத்தான் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். கடன் அட்டை வேண்டுமா என்று போனில் கேட்ட ஒரு பெண்ணிடம், "தகடு மஞ்சளோ? மீன் முழுசாக் கிடக்கோ?" என்று கத்தியிருக்கிறார்.

மீன் வந்தபோது அவர் பேராதனை ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றில் கட்டி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய பழைய மாணவி ஒருத்தி எலும்பைச் சீவி மாடிக்குக் கொண்டுவந்தாள். மீன் கடலில் எத்தனை வருஷம் இருந்தது என்பதை என்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவளுக்குக் கடுமையான உத்தரவு.

வெளிச்சத்துக்கு வெளியே மூன்று கோடு இருந்தது. கண்ணைக் கழுவிவிட்டு வந்து மறுபடி எண்ணினேன். மூன்றுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் கட்டிலில் பாதியாகியிருந்தார். "சொல்லும்" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் விரும்புகிற எண்ணையே சொல்லிவிடலாம் என்று எனக்கு ஆசை வந்தது. ஆனால் எந்த எண்ணைச் சொன்னால் அவர் சந்தோஷப்படுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நல்ல பொய் சொல்லக்கூட வழியில்லாமல் என்னைக் கட்டிப்போட்டிருந்தது அவருடைய சட்டம். கட்டில் காலடியில் நின்றபடியே, "மூணு சேர்" என்றேன்.

"ஆறு வருஷம் கடலில கிடந்தது, பிள்ளை."

"நான் திரும்ப எண்ணிட்டு வரவா?"

"வேண்டாம். விடையைச் சொல்லிப்போட்டன், இனி உம்மட கண் பழுது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கோடு ஒண்டுக்கு ரெண்டு வருஷம். நான் சொன்னதை விட இதுகள் கிழடு. வளர நாள் எடுக்கும். நான் சொன்னதை நம்பியெல்லோ அவங்கள் பிடிக்கிறாங்கள்."

"ஒரு மீனை வச்சு எப்படி சேர் முடிவு சொல்றது?"

"பிழையைக் காட்ட ஒண்டு காணும். போனைத் தாரும்."

படகுச் சங்கத்தாரை அழைத்து, "நான் பிழையாச் சொல்லிப்போட்டன், தம்பி. அதைப் பிடியாதேங்கோ" என்றார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். மூச்சு வாங்க, அதையே இன்னொரு தடவை சொன்னார். போனைத் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே போய்விட்டார்.

இப்போது எனக்கு விடை தெரியும். ஆறு என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்துக்கொண்டே போயிருப்பார். இன்றைக்கு வந்து கேட்டாலும் மூன்று என்றுதான் சொல்வேன், வேறு எதைச் சொன்னாலும் மனுஷன் மன்னிக்க மாட்டார். ஆனால் இந்தத் தடவை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்.