பெட்பேனும் பரிவுக் கோட்பாடும்

சக்கரத்துக்கும் சோப்புக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்ட மகத்தான கண்டுபிடிப்பு 'பரிவுக் கோட்பாடு'தான். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு மல்லாந்து கிடந்து, அனுபவித்துச் சொல்கிறேன்.

அன்று காலை எனக்கு ஒரு சிறு தேவை. பெட்பேன். அது கட்டிலுக்கு அடியில் இருந்தது. நான் கட்டிலுக்கு மேலே இருந்தேன். அந்த நேரம் பார்த்து நர்சிங் கல்லூரிப் பேராசிரியை தம் மாணவிகளோடு வந்து கட்டிலைச் சூழ்ந்துகொண்டார். பரிவுக் கோட்பாட்டில் செய்முறைத் தேர்வாம்.

"அம்மா, அவசரம்... பெட்பேன்," என்றேன்.

"பாத்தீங்களா? நோயாளி மனசு திறக்கிறார்!" பேராசிரியை பூரித்தார். "முதல் படி என்ன?"

"கண்ணோட கண் பாக்கணும் மேடம்!"

பார்த்தார்கள்.

"அடுத்தது?"

"கையைப் பிடிச்சுக்கணும் மேடம்!"

பிடித்தார்கள். அழைப்பு மணியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த கையையும் சேர்த்து.

"முட்டுதும்மா!"

"உங்க அவசரத்தை நாங்க உணர்றோம் தாத்தா," என்றாள் ஒருத்தி, கண் கலங்க.

"நீ உணர வேணாம்மா. எடு, போதும்!"

பாவம், ஒருத்தி குனியப் பார்த்தாள். "குனிஞ்சா கண் தொடர்பு அறுந்துடும். மார்க் போயிடும்!" என்று பேராசிரியை அவளைக் காப்பாற்றினார்.

வாழ்நாளில் இத்தனை பேர் என்னை இவ்வளவு அன்பாகப் பார்த்ததில்லை. என் கல்யாணத்தில்கூட எல்லோரும் பெண்ணைத்தான் பார்த்தார்கள்.

அந்தக் கல்யாணப் பெண்ணே அப்போது ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். என் நெளிசலை வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"கொஞ்சம் வழிய விடுங்கம்மா."

திரையை இழுத்தாள்; பெட்பேனை உருவினாள். என் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"வீட்டுல ஒரு காபிக்கு ஊரையே கூட்டுவீங்க. இங்க வாயில என்ன கொழுக்கட்டையா? ம், இடுப்பைத் தூக்குங்க!"

திரை விலகியபோது என் முகத்தில் பேரமைதி.

"பாருங்க, கோட்பாட்டோட பலனை!" என்றார் பேராசிரியை. மாணவிகள் கைதட்டினார்கள். எல்லோரும் தேறினார்கள்.

பிறகு அவர் என் மனைவியிடம் வருத்தத்தோடு சொன்னார்: "கண்ணைப் பாக்கல, கையைப் பிடிக்கல, திட்டவேற செஞ்சீங்க. அவர் மனசு என்ன பாடுபடும்?"

"மனசா? அது கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தாம்மா கெடக்கு. நல்லாத்தான் இருக்கு."

பரிவுச் சூழலைக் கெடுப்பதாக அவள்மேல் குற்றம் உறுதியானது. வகுப்பு நடக்கும்போது அவளுக்கு வார்டுக்குள் அனுமதி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

இப்போது எனக்குப் பரிவில் ஒரு குறையும் இல்லை. படுக்கை விரிப்பைத்தான் தினமும் மாற்றவேண்டியிருக்கிறது.