காதுகுத்தும் ரவுட்டரும்

நேற்று எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. ரவுட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே மிளகளவு இருக்கும் கறுப்புத் தொப்பியைக் கழற்றிப் பக்கத்து முனையில் மாட்ட வேண்டும்.

ஐந்து நிமிட வேலை. அரை நாள் ஆனது!

என் மகள் வானதி சிங்கப்பூரில் ரவுட்டர் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். அவள் கொடுத்த பெட்டி வழியாகத்தான் பேத்தி தவழ்ந்ததைப் பார்த்தேன், பல் முளைத்ததைப் பார்த்தேன். நேரில் இன்னும் பார்க்கவில்லை.

நேற்று நம் நேரம் பதினொரு மணிக்குப் பேத்திக்குக் காதுகுத்து. கீழ்வேளூரில் மழைக்காலக் கரண்ட்டோ போவதும் வருவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ரவுட்டர் விழித்தெழ ஏழு நிமிடம். அதற்குள் இரண்டு காதும் குத்தி முடிந்துவிடும்!

"உள்ள சிப்புல இருக்கிற புரோகிராம் ஒவ்வொரு பிட்டா வரும்மா. வரப்புல ஒத்தை ஒத்தையா ஆளுங்க நடக்கிற மாதிரி. தொப்பியை மாத்தினா அதே வரப்புல ஓடும். அரை நிமிஷத்துல ரெடி" என்றாள் வானதி போனில்.

"புரியுதுடி. நான் பி.எஸ்.சி. பிசிக்ஸ்."

இதைச் சொன்ன பிறகு என் வாழ்வில் எதுவும் ஒழுங்காக நடந்ததில்லை.

மாற்றினேன். சுவிட்சைப் போட்டேன். ஒரு விளக்கு சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"பழையபடி மாட்டும்மா."

மாட்டினேன். ஏழு நிமிடத்தில் எழுந்தது. மறுபடி வேகத்துக்கு மாற்றினேன். சிமிட்டல்!

"இங்க அதே போர்டு ஓடுதே. உங்கிட்ட மட்டும் ஏம்மா?"

பக்கத்து வீட்டு ஹமீதா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஆபரேஷனா? நகருங்க. வூட்டுக்காரரு சவுதியில. பதினஞ்சு வருஷமா போன்லதான் குடும்பம் நடத்துறேன்."

நெட் வருவதற்காகப் பழைய வேகத்துக்கு மாற்றச் சொல்லி, ரவுட்டரின் திறந்த வயிற்றைப் படம் பிடித்து வானதிக்கு அனுப்பினாள்.

சிங்கப்பூர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது.

"அம்மா, சிப்பு மேல என்ன மஞ்சளா?"

"சந்தனம்."

"சந்தனமா!"

"முதமுதலா திறக்கிறேன். வெறும் நெத்தியோடவா விடறது? நடுவுல குங்குமமும் இருக்கு பாரு."

"வழிஞ்சு சிப்போட கம்பிக் கால்ல எல்லாம் ஒட்டியிருக்கும்மா! மெதுவா நடந்தா சமாளிக்குது. ஓடினா சேத்துல வழுக்குது!"

ஹமீதா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பூ வைக்கலையாக்கா?"

வைத்திருந்தேன். அவள் வருவதற்குள் எடுத்துவிட்டேன்.

ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட்டை ஹமீதா மருந்துக்கடையில் வாங்கி வந்தாள். பழைய பல்துலக்கும் பிரஷால் சிப்பின் கால்களை ஒவ்வொன்றாகக் கழுவினோம். விசிறிக்கடியில் காய வைத்தோம். தொப்பியை மாற்றினோம். மணி பத்து ஐம்பது.

சுவிட்ச். சிமிட்டல். இன்னும் சிமிட்டல். சட்டென்று எல்லா விளக்கும் எரிந்தன!

திரையில் பேத்தி, பட்டுப்பாவாடை. ஆசாரி ஊசிப் பெட்டியைத் திறந்தார்.

கரண்ட் போனது.

"யா அல்லாஹ்!" என்றாள் ஹமீதா. உடனே வந்தது. அவள் உரக்க எண்ணத் தொடங்கினாள். இருபத்தெட்டு சொல்லும்போது பேத்தியின் முகம் வந்துவிட்டது. ஆசாரி காது மடலைப் பிடித்து ஊசியை ஓங்கினார்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.