சுண்ணாம்பு மேஸ்திரியின் இருபத்து நாலு வீடுகள்

“…அது சுவருங்க சார்! சுவத்துல பூந்து வந்தா எப்படி? வாசல் அந்தாண்ட கீது, சுத்திக்கினு வாங்க!”

அதட்டலைக் கேட்ட இன்ஜினீயர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு முன்னால் சுவரும் இல்லை, வாசலும் இல்லை. பொட்டல் தரையில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கோடு, அவ்வளவுதான். அதட்டியவர் எங்கள் சுண்ணாம்பு மேஸ்திரி. கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே செங்கல் இல்லாமல் வீடு கட்டத் தெரிந்த ஒரே ஆள். இதில் யாரும் என்னோடு வாதத்துக்கு வரவேண்டாம்.

கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவது எல்லா மேஸ்திரிக்கும் வழக்கம். இவருக்கு அது வியாதி. டீக்கடை வாசலில் நாலு பேர் நின்று பேசினால், அவர்களைச் சுற்றி ஒரு ரூம் போட்டுவிட்டுத்தான் டீ சொல்வார். பெண் பார்க்கக் கூட்டிப்போன இடத்தில், “பொண்ணு கெடக்கட்டும், சமையக்கட்ட எவன் இங்க வெச்சான்?” என்று கேட்டு, மாப்பிள்ளையோடு சேர்த்துத் துரத்தப்பட்டவர்.

நாங்கள் இருபத்து நாலு குடும்பம். கரும்பு வெட்டியும் கூலிக்குப் போயும் பிழைத்துக்கொண்டு, பெருமாள் கோயில் நிலத்தில் குடிசை போட்டிருந்தோம். கோயில் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தால் அரசாங்கமே அதில் வீடு கட்டித் தரும் என்று ஒரு திட்டம் வந்தது. கோயிலும் சம்மதித்தது. ஆனால் வந்த பிளானில் பதினெட்டு வீடுதான் இருந்தது. இடம் பத்தாதாம். பட்டியலில் கடைசி ஆறு குடும்பம் அம்போ. என் பெயர் இருபத்தொண்ணு. மேஸ்திரி பெயர் மூணு.

“நமக்குத்தான் வூடு உண்டே, உனக்கு இன்னாத்துக்குய்யா இந்த வம்பு?” என்றார் அவர் சம்சாரம்.

மேஸ்திரி என்னைக் காட்டினார். “இவன் பூட்டா நான் யாராண்ட சண்ட போடறது? மீதி பேரு எதுத்தே பேச மாட்டானுங்க.”

இடம் பார்க்க இன்ஜினீயர் வருகிற அன்று காலையில் நாலு மூட்டை சுண்ணாம்பு இறங்கியது. இருபத்து நாலு வீட்டையும் குடிசைகளுக்கு எதிரே கிடந்த பொட்டலில் முழு அளவில் போட்டார். பிளானில் வீட்டுக்கு வீடு சந்து விட்டிருந்தார்கள். மேஸ்திரி ரெண்டு வீட்டுக்கு ஒரே நடுச்சுவர் வைத்து, அந்தச் சந்துகளை எல்லாம் வீடாக்கிவிட்டார். “குடித்தனம் வாங்க!” என்றார். கட்டில், அடுப்பு, ஆடு சகிதம் போனோம். அரை மணியில் சண்டை.

“ஏ யக்கா, உன் ஆடு என் சமையக்கட்டுல நிக்குது!”

“ஆட்டுக்கு சுவரு தெரியுமா? கட்டுன மேஸ்திரியக் கேளு!”

மேஸ்திரிக்கு ஒரே ஆனந்தம். “பாத்தியா, வூடுன்னா இதான்!”

அந்த நேரத்தில்தான் இன்ஜினீயர் வந்து சுவரை மிதித்தது.

மனுஷன் சுற்றிக்கொண்டே வந்தார். டேப்பை எடுத்து ஒவ்வொரு வீடாக அளந்தார். திட்டத்தில் சொன்ன அளவுக்கு ஒரு விரல்கூடக் கம்மி இல்லை. “சரி, தெரு பத்துமா?” என்றார். மேஸ்திரி கை தட்டினார். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குப் போகிற கரும்பு வண்டி ஒன்று, ரெண்டு மாட்டோடும் முழுப் பாரத்தோடும் தெருவில் நுழைந்து, திரும்பி, வெளியே போயிற்று. ஒரு சுவரும் இடியவில்லை.

இன்ஜினீயர் சிரித்துவிட்டார். “பிளானை மாத்தச் சொல்லி நானே எழுதறேன் மேஸ்திரி. இருபத்து நாலும் வரும்.”

எழுதினார், வந்தது. இருபத்தொண்ணாம் நம்பர் வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு இன்ஜினீயர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதும் நாங்கள் எல்லாரும் கத்திக் கூத்தாடினோம். மேஸ்திரி மட்டும் போய் ஒரு தூக்கில் பால் வாங்கி வந்தார். கடைசி ஆறு சுண்ணாம்பு வீட்டிலும் வரிசையாக மூணு கல்லைக் கூட்டி, பால் காய்ச்சி, பொங்கவிட்டார். என் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது தூக்கு காலி. அவருடைய மூணாம் நம்பருக்குச் சொட்டு இல்லை. தூக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் கட்டிலிலேயே காலை நீட்டிப் படுத்துவிட்டார்.