சம்பந்தமில்லாத நாற்பத்தொரு பேர்

விண்வெளிக்குப் போகிறவர், ஏதாவது ஆனால் வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்திட்ட பிறகே ராக்கெட்டில் ஏறலாம். சட்டம் அவரைப் பயணி என்று சொல்லாது. ‘பங்கேற்பாளர்’ என்றே குறிப்பிடும். நஷ்டஈடு என்பது, இதில் சம்பந்தமில்லாத பொதுமக்களுக்குத்தான். நியூ மெக்சிகோவில், எங்கள் பாலைவனத்து ஊரில், சம்பந்தமில்லாத பொதுமக்கள் நாற்பத்தொரு பேர் இருக்கிறோம்.

செப்டம்பரில் ராக்கெட்டின் துண்டொன்று விழுந்து ஒடிலியா பாக்காவின் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பிளந்தது. அறுபது மாடுகள்; அடுத்த தண்ணீர் பதினோரு மைலில். ராக்கெட்டுகளுக்கு உரிமம் வழங்கும் அலுவலகத்திலிருந்து திருவாளர் விட்கோம்ப் விசாரிக்க வந்தார். முத்திரை குத்த, ஊர் நோட்டரியான நான் போனேன்.

“ராக்கெட் கிளம்பினப்ப நிமிர்ந்து பார்த்தீங்களா, மேடம்?”

“அந்தச் சத்தத்துக்கு யாருதான் பார்க்க மாட்டா?”

“கண்டு களிச்சிருக்கீங்க. அப்போ நீங்க பங்கேற்பாளர்.”

“களிச்சேனா? முற்றத்துல மிளகாய் வறுத்துக்கிட்டிருந்தேன்யா!”

‘சிற்றுண்டியுடன் கண்டு களித்தார்’ என்று எழுதிக்கொண்டார்.

“என் மாடுங்க பார்க்கலையே?”

விட்கோம்ப் நேர்மையானவர், யோசித்தார். “அவங்க சம்பந்தமில்லாதவங்கதான். தாராளமா விண்ணப்பிக்கலாம். கையெழுத்து மட்டும் வேணும்.”

நான் முத்திரை குத்தினேன்.

அடுத்த ராக்கெட் கிளம்பியபோது ஊரே தலைகுனிந்து நின்றது. யார் நிமிர்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள விட்கோம்ப் நேரில் வந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரும் சத்தம். ஒடிலியா இரவல் வாங்கிய தண்ணீர் லாரியும், அதன் நிழலில் நின்ற விட்கோம்பின் காரும் ஒன்றாகத் தட்டையாகிக் கிடந்தன.

“யாராவது பார்த்தீங்களா?” என்று அலறினார்.

“சட்டப்படி குனிஞ்சிருந்தோம் சார். நீங்க?”

“நான் உங்களைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்!”

“அப்போ சாட்சியே இல்லை. எதுவும் விழலைன்னு எழுதிக்கோங்க,” என்றார் ஒடிலியா. “உங்க கார் வாங்கும்போதே தட்டையா இருந்திருக்கும்.”

பார்த்தால் பங்கேற்பாளர், பார்க்காவிட்டால் சாட்சியில்லை; ஒற்றைக் கண்ணால் மட்டும் பார்த்தவர் எது என்று கேட்டு விட்கோம்ப் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். அதற்கும் முத்திரை என்னுடையதே. பதில் வரும்வரை ஒடிலியா மாடுகளைத் தண்ணீருக்குப் பதினோரு மைல் ஓட்டிப் போகிறார். கார் இல்லாத விட்கோம்பும், மாடுகளின் கையெழுத்துக்காகத் தாளை நீட்டியபடி, கூடவே நடக்கிறார்.

நேற்று இன்னொரு ராக்கெட் போனது. நாங்கள் நாற்பத்தொரு பேரும் ஒழுங்காகக் குனிந்துகொண்டோம்.

மாடுகள் அறுபதும் நிமிர்ந்து பார்த்தன.