மூட்டை அண்ணாச்சி போட்ட முப்பத்தொரு மார்க்

தூத்துக்குடியில் மனிதர்களோடு பேசியதைவிட மணல் மூட்டைகளோடு அதிகம் பேசியவர் மூட்டை அண்ணாச்சி ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

சரக்குத் தோணியில் எந்தப் பக்கம் எத்தனை மூட்டை அடுக்குவது என்று சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் மற்றவர்கள் பேப்பர் படிப்பார்கள். இவர் படகுகளுக்குப் பரீட்சை வைத்தார். யார் சின்னதாக ஒரு பாய்ப்படகு கட்டினாலும் அழைக்காமலே வந்து நிற்பார், ஏறப்போகும் ஆட்களின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்ப்பார், நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார். அந்த நாளில் ஐம்பதைத் தாண்டிய படகை நான் கேள்விப்பட்டதில்லை.

எழுபதுகளின் நடுவில் நானும் மாட்டினேன். நான் கடல் இல்லாத நாசரேத்தில் இருந்து தூத்துக்குடிக்கு வந்த பூகோள வாத்தியார். வரைபடத்தில் கடல் நீலமாக இருக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்தத் தைரியத்தில், ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த படத்தை ஆசாரியிடம் காட்டி, மூன்று பேர் உட்காரும் பாய்ப்படகு ஒன்று செய்து வாங்கினேன். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மனைவி பூரணத்தையும் ஏழு வயது எஸ்தரையும் ஏற்றிக்கொண்டு முயல் தீவுக்குப் போவதாகத் திட்டம்.

சனிக்கிழமை காலை அண்ணாச்சி வாசலில் நின்றார்.

“சார்வாள், வீட்டுல ஆளுக்கு எம்புட்டு எடை?”

சொன்னேன். பூரணம் கதவுக்குப் பின்னால் இருந்து, “எனக்கு நாப்பத்தெட்டு” என்றாள். அண்ணாச்சி கதவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் மூவரின் பழைய துணிகளைக் கேட்டார்.

“துணி எதுக்கு அண்ணாச்சி?”

“வெறும் மணலுன்னு நெனச்சா மணல் மாதிரிதான ஓட்டுவேன்? ஆளுன்னு நெனச்சாத்தான் கை பயப்படும்.”

அன்று நண்பகல் கடற்கரையில் நான் கண்டது இது. பூரணத்தின் சேலை கட்டிய மூட்டை ஒரு பக்கம். எஸ்தரின் மஞ்சள் கவுன் போட்ட மூட்டை எதிர்ப்பக்கம். சுக்கானைப் பிடித்து என் இடத்தில் அண்ணாச்சி. அவரைவிட நான் பதினெட்டுக் கிலோ கூடுதல் என்பதால், அந்தப் பதினெட்டையும் என் சட்டைக்குள் மூட்டையாகக் கட்டி மடியருகே வைத்துக்கொண்டார். “இது சார்வாளோட தொப்பை” என்று மூட்டையைத் தட்டியும் கொடுத்தார். பூரணம் சிரித்தாள்.

படகு கரையை விட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. காற்று வீசியது, ஆனால் அலைச் சத்தமே இல்லை. நாங்கள் மூன்று பேரும் கரையில் நிற்க, நாங்களே கடலில் போய்க்கொண்டிருந்தோம். சேலைத் தலைப்பு பறந்தது. “பாப்பா, ஓரமாச் சாயாத” என்று அண்ணாச்சி சொல்வது தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது.

எஸ்தர் கையை ஆட்டினாள். “அப்பா, அங்கன இருக்குற நான் திரும்பியே பாக்க மாட்டேங்கேன்” என்றாள். பூரணம் அவளைச் சட்டென்று தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மேற்கே இருந்து கச்சான் காற்று ஒரு வீச்சு வீசியது. பாய் புடைத்துப் படகு சாய்ந்தது. நிமிர்ந்தபோது மஞ்சள் நிறத்தைக் காணவில்லை.

அண்ணாச்சி அந்த இடத்தையே வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கரையேறினார். எஸ்தர் கண்முன்னே நின்றும், “பிள்ளை எங்க? பிள்ளை எங்க?” என்று கேட்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் மணலில் உட்கார்ந்தார்.

“முப்பத்தொண்ணு” என்றார். “பாய் பெருசு. ஓரப்பலகை உயரம் பத்தாது.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் பிள்ளையைக் கடலில் போட்டுவிட்டு வந்து மார்க் வேறா?

“ஆனா ஒண்ணு இடிக்குது சார்வாள். அம்மா மூட்டை எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடிச்சிருந்தா இம்புட்டுச் சாஞ்சிருக்காது. அம்மா, எடை சரியாத்தான் சொன்னியளா?”

பூரணம் அழுதுவிட்டாள். “அறுவத்திரண்டு அண்ணாச்சி. வெக்கமா இருந்துச்சு.”

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த உண்மை எனக்கும் அன்றுதான் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

மூன்றாம் நாள் அந்தக் கவுன் கரை ஒதுங்கியது. கழுத்திலும் அடியிலும் அண்ணாச்சி போட்ட முடிச்சுகள் அவிழவில்லை, துணி கிழியவில்லை. உள்ளே இருந்த மூட்டையை மட்டும் காணோம். எப்படி என்று அண்ணாச்சிக்கும் சொல்லத் தெரியவில்லை. பூரணம் அதைத் தொடாமலே அடுப்பில் போடச் சொன்னாள். எனக்கும் தொடப் பயமாகத்தான் இருந்தது.

பாயை ஒரு முழம் குறைத்தோம், ஓரப்பலகையை ஒரு சாண் உயர்த்தினோம். அறுபத்திரண்டு கிலோ மூட்டையோடு மறுபரீட்சை நடந்தது. “அம்பத்தி நாலு. போயிட்டு வாங்க” என்றார்.

வேறொரு ஞாயிறு போனோம். திரும்பி வரும்போது கரைக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீரில் ஒரு தலை மட்டும் தெரிந்தது. பூரணம் அலறியேவிட்டாள். பார்த்தால் அண்ணாச்சி, கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறார். நாங்கள் கிளம்பியதில் இருந்தே அங்கேதான் நிற்கிறாராம்.

“இது என்ன அண்ணாச்சி? நாங்க கவுந்தா நீந்தி வந்து தூக்கவா?” என்றேன்.

“எனக்கு நீச்சல் தெரியாதே. கால் எட்டுற வரைக்கும் வந்து நிக்கேன்.”

“பின்ன எந்தத் தைரியத்துல இத்தனை வருசமா தனியா ஓட்டிப் பாக்கிய?”

“நீச்சல் தெரிஞ்சவன் படகுக்குப் பத்து மார்க் கூடப் போட்டிருவான், சார்வாள்.”

பாயை இறக்கிவிட்டு, படகின் கயிற்றைப் பிடித்தபடியே குதித்து அந்த ஒல்லி மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். குளிரில் அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கரை சேரும்வரை நான் விடவே இல்லை.