கள்ளிக்கு வந்த காய்ச்சல்

ஒரு புதன்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். கள்ளிக்கு உடம்பு சரியில்லாமல் போக வேண்டும். சாகக் கூடாது. படுத்தால் போதும்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடும். ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்கிற மனிதருக்கு, இரண்டு மாதமாக வீட்டில் பார்க்க ஆள் இல்லை. மனைவி நர்ஸ். ஆபரேஷன் தியேட்டர் பயிற்சிக்கென்று, ரயிலில் எட்டு மணி நேரம் போக வேண்டிய ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஆறு மாதப் பயிற்சி. இன்னும் நான்கு மாதம் பாக்கி.

முதல் வாரம் சுதந்திரமாகத்தான் இருந்தது. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டார். யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் வேண்டுமென்றே போட்டார். அப்போதும் யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அந்தத் துண்டுக்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். எடுத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு, அவள் பக்கத்துத் தலையணையைத் தட்டிச் சரிசெய்தார். யாரும் படுக்காத தலையணை. தினமும் தட்டினார்.

அவள் விட்டுப்போன இன்னோர் உயிர், ஜன்னலோரத்துக் கள்ளிச்செடி. கட்டைவிரல் அளவில் வாங்கி வந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு சின்னப் பூசணி அளவுக்கு உருண்டு திரண்டிருந்தது. புதனும் ஞாயிறும் சாயங்காலம் அவள் போன் செய்வாள்.

"கள்ளிக்கு வெயில் படுதா?"

"படுது."

"தண்ணி ஊத்தினீங்களா?"

"பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவைன்னு சொன்னியே. ஊத்தினேன்."

"மண்ணைத் தொட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். காஞ்சு போயிருந்துச்சு. நானும்தான் காஞ்சு போய்க் கிடக்கேன்."

"உங்களுக்குத்தான் குழாய்ல தண்ணி வருதே."

பத்து நிமிஷப் பேச்சில் ஒன்பது நிமிஷம் கள்ளிக்கு. மிச்சம் இருப்பது புருஷனுக்கு. அதனால்தான் அந்தப் புதன்கிழமை அவர் கணக்குப் போட்டார். புருஷனுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை பெயர் சொல்வாள். கள்ளிக்குக் காய்ச்சல் என்றால் ரயில் ஏறுவாள்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார்.

"கள்ளி ஒரு மாதிரியா இருக்கு."

"என்ன மாதிரி?"

"வாடியிருக்கு."

"கள்ளி எப்படிங்க வாடும்?"

அவர் திரும்பிப் பார்த்தார். அது குண்டுக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"முள்ளெல்லாம் தொங்குது."



"தொங்குற முள்ளை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

முள்ளைத் தொங்கவைக்கும் வித்தை அவருக்குத் தெரியாது. வேறு நோய்தான் தேட வேண்டும். அலமாரியைத் துழாவியபோது அவளுடைய முகப்பவுடர் டப்பா அகப்பட்டது. மூடியைத் திறந்தார். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் அறை முழுக்க வாசனை. வந்த காரியத்தை மறந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்க் கள்ளியின் தலையில் தாராளமாகத் தூவிப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

பதில் வந்தது. "மாவுப்பூச்சி. பஞ்சை ஸ்பிரிட்ல நனைச்சு, ஒவ்வொரு முள்ளுக்கு அடியிலயும் துடைங்க. துடைக்கிறதையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. பயப்படாதீங்க, நான் வர அளவுக்கு ஒண்ணுமில்ல."

மறுநாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார். கள்ளியில் எத்தனை முள் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் சிரிங்கண்ணே."

"குத்துதும்மா."

எல்லாம் முடிந்தபின், கண்ணாடிக்குத் திருகாணி மாட்டும் சின்ன இடுக்கியால் விரலிலிருந்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கிக்கொண்டே உண்மையைச் சொன்னார். "நீ ஒரு வார்த்தை போன்ல சொல்லும்மா, நிலைமை மோசம்னு."

"அக்காகிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"கள்ளியைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். என்னைப் பார்த்துச் சொல்லு."

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் தேய்த்த சட்டை, ரெண்டு நிறத்தில் ரெண்டு சாக்ஸ், பத்து விரலிலும் பஞ்சு.

"அப்போ பொய்யில்ல" என்று சொல்லி போனை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "சனிக்கிழமை வர்றாங்களாம்" என்றாள்.

கண்ணாடிக்காரர் கடையை அரைநாள் மூடினார். திரைச்சீலையைத் துவைத்தார். முடிவெட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மறக்காமல் கள்ளிக்கு இன்னொரு பூச்சுப் பவுடர் போட்டார்.

சனிக்கிழமை வந்தவள் செருப்பைக் கழற்றியதும் நேராக ஜன்னலுக்குப் போனாள். தொட்டுப் பார்த்தாள். விரலை முகர்ந்து பார்த்தாள்.

"முத்திருச்சு. இங்க இருந்தா பிழைக்காது. போகும்போது நான் எடுத்துட்டுப் போறேன்."

 உண்மையைச் சொன்னால் அந்த ரெண்டு நாளும் கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம். அவளோ வீட்டைச் சுற்றிவந்து, பால் பாத்திரம், குப்பைக் கூடை, குளியலறை வாளி என்று ஒவ்வொன்றாகத் திட்டினாள். அவர் பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் காட்டிக் கொடுத்தார். திட்டு முடிந்துவிடக்கூடாதே என்று, அவள் கவனிக்காமல் விட்ட அடுப்படி ஜன்னலையும் அவராகவே காட்டினார். சாயங்காலம் அவள் அசதியில் நாற்காலியிலேயே தூங்கிப்போனபோது, எதிரில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அட்டைப்பெட்டிக்குள் கள்ளியை வைத்தபோதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அதுக்கு ஒண்ணுமே இல்ல. பவுடர். நீ வரணும்னுதான்."

"தெரியும்."

"எப்போ?"

"போட்டோவைப் பார்த்தப்பவே. மாவுப்பூச்சி முள்ளுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். முள்ளு நுனியில நிக்காது. இங்க வந்து மோந்து பார்த்தா என் பவுடர் வாசனை வேற."

"தெரிஞ்சுமா என்னை முள்ளு முள்ளா துடைக்கவிட்டே?"

"பொய்க்கு வைத்தியம் பண்ண வேண்டாமா?"

"அப்புறம் எதுக்கு வந்தே?"

அவள் பெட்டியின் வாயை நூலால் கட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கும் ஒரு மாசமா மனசு சரியில்ல. லீவு கேட்கக் காரணம் கிடைக்கல. தையல்காரம்மா போன் பண்ணினதும், வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியலைன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"எனக்கா? எனக்கு என்ன நோய்னு எழுதினே?"

"பெரிய டாக்டரே கேட்கல. என் முகத்தைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டார்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, கள்ளியை விட்டுட்டுப் போயேன். ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுபோச்சே."

"நீங்க இல்லாத இடத்துல என்னைக் குத்திக்கிட்டிருக்க ஏதாவது ஒண்ணு வேணும்ல."

ஸ்டேஷனுக்குப் பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ரயில் ஊதியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்.

"மறுபடி எப்போ வருவே?"

"கள்ளிக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு போன் பண்ணுங்க. உடனே வந்துடுறேன்" என்றாள் அவள், கள்ளியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.